வடிகட்டிய நீரும் சுழலும் நீரும்

திருச்செந்தூரில் எங்கள் இல்லத்துக் குழாயில் வருவது தாமிரபரணி நீர். குழாயைத் திறக்குமுன் என் துணைவியார் குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, அதன் வழியாகவே நீர் பிடிப்பார். வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், கிணற்றடியில், தம் மாமியாரிடம் கற்ற வழக்கம் அது. அங்கே வடிகட்டியதோடு வேலை முடிவதில்லை. துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய நீரிலிருந்தே சிறிது ஊற்றி, அதில் தங்கிய சிற்றுயிர்களை எந்தக் கிணற்றில் மொண்டார்களோ அந்தக் கிணற்றிலேயே மெல்ல இறக்கிவிடுவர். வேறு கிணற்றில் விடலாகாது. மேலிருந்து வீசி ஊற்றலும் ஆகாது. இதனை ஜீவானி விடுதல் என்பர். குழாய்நீருக்கு எந்தக் கிணற்றைத் தேடுவது? முப்பது ஆண்டுகளாக அவர் அதனைக் கொல்லைப்புறத்து வாழையடியில் ஊற்றிவிட்டு, ஏதோ கடன் பாக்கி வைத்தவர் போல உள்ளே வருவார்.

சில ஆண்டுகளுக்கு முன், காலாண்டு விடுமுறையில் எங்கள் பேரனை அழைத்துக்கொண்டு பாபநாசம் சென்றோம். ஆறு கடலோடு கலக்கும் புன்னைக்காயல் எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ளது. கடைசியில் வாழ்பவர் தொடக்கத்தையும் ஒருமுறை காண வேண்டும் அன்றோ? ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிவரும் அவ்வாறு, பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில்தான் மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்குகிறது. மலைப்பாதையில் ஏறும்போது சரிவில் இறங்கும் பெருங்குழாய்களைப் பையன் பார்த்துவிட்டான். அவற்றினுள் ஓடுவது ஆற்றுநீர் என்றும், கீழே மின்நிலையத்துச் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு அது மீண்டும் ஆற்றிலேயே சேர்ந்துவிடும் என்றும் சொன்னேன். அவன் முதலில் தன் பாட்டியைப் பார்த்தான். பிறகு என்னைக் கேட்டான்: "தாத்தா, இந்தத் தண்ணீரை யார் வடிகட்டுகிறார்கள்?"

நான் சிரித்துவிட்டேன். துணைவியார் சிரிக்கவில்லை. அக்கேள்வியை அன்று முதல் மனத்தில் வைத்திருந்ததன் விளைவே இக்கட்டுரை.

நேரான விடை ஒன்று உண்டு. இத்தகைய குழாய்களின் முகப்பில் இரும்புக் கம்பிகளாலான சல்லடை இருக்கும். மரக்கிளையும் குப்பையும் உள்ளே போகாதபடி அது தடுக்கும். ஆனால் அச்சல்லடை உயிரைக் காக்க இடப்பட்டதன்று. சக்கரத்தைக் காக்க இடப்பட்டது. கம்பிகளின் இடைவெளியில் நுழையக்கூடிய மீன்குஞ்சு நுழைந்தே தீரும். பெரும் அழுத்தத்திலிருந்து திடீரென விடுபடுவதாலும், சுழலும் தகடுகளில் அடிபடுவதாலும் மீன்கள் மடிவதை உலகின் பல நீர்மின் நிலையங்களில் ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். கண்ணுக்குப் புலனாகாதவற்றை எண்ணியவர் எவருமில்லர். நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களைப் பற்றிப் பேசினால் பொறியியலார் நம்மை வியப்புடன் பார்ப்பர்.

ஒரே பொருள், இரண்டு சல்லடைகள். இரண்டும் ஒரே ஆற்றின் மேல். ஒன்று எங்கள் குடத்தின் வாயில், மற்றொன்று எங்கள் விளக்கின் மறுமுனையில். ஒன்றில் அத்தனை கவனம் காட்டும் நாம் மற்றொன்றைப் பற்றி ஒருநாளும் எண்ணியதில்லை என்பதே அன்று எனக்கு உறைத்தது.

பாபநாசத்தைப் பழித்துரைப்பது என் நோக்கமன்று. இந்த அருவியின் விசையை மனிதர் பயன்படுத்தத் தொடங்கியது பழைய கதை. 1880களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை நிறுவியபோது, அதன் கதிர்களைச் சுழற்றியது இந்நீர்தான். பின்னர்ச் சென்னை மாகாண அரசு 1932இல் பைக்காராவிலும், 1937இல் மேட்டூரிலும் மின்நிலையங்களை இயக்கிற்று. மூன்றாவதாக, உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல், பாபநாச மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 7 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள். பிற்காலப் புதுப்பிப்பில் நிலையத்தின் மொத்தத் திறன் 28லிருந்து 32 மெகாவாட் ஆயிற்று. அதற்கு மேலே காரையாற்றில் 143 அடி அணை; கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. 1986இல் சேர்வலாற்றில் 20 மெகாவாட் நிலையம் ஒன்று சேர்ந்தது. அவ்வணையையும் காரையாறு அணையையும் ஒரு சுரங்கம் இணைக்கிறது. மலைக்குத் தெற்கே, கோதையாற்றில், 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டுமாக இரண்டு நிலையங்கள் 1970, 1971 ஆண்டுகளில் வந்தன. நெல்லைச் சீமையின் பல ஊர்கள் முதன்முதலாக மின்விளக்கைக் கண்டது இந்த மலைநீரால்தான். பிள்ளைகள் அவ்விளக்கில் படித்தனர்; கிணறுகளில் மாடு பூட்டிய கமலைக்குப் பதில் பம்புசெட்டு ஓடிற்று. கமலை மாட்டின் கழுத்துப் புண்ணைக் கண்டவர்கள் மின்சாரத்தைக் கேடென்று கூசாமல் சொல்லமாட்டார்கள்.

ஆயினும் ஒரு கணக்கைப் பார்ப்போம். பள்ளிக்கூட இயற்பியலே போதும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது நூறு வாட் குண்டு பல்பு பத்து மணி நேரம் எரிவதற்குச் சமம். நூறு மீட்டர் உயரத்திலிருந்து நீர் இறங்குகிறது என்று கொண்டு, வழியில் நேரும் இழப்பையும் கழித்தால், அந்த ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 4,300 லிட்டர் நீர் சக்கரத்தின் வழியே செல்ல வேண்டும். எங்கள் இல்லத்துக் குடம் பதினைந்து லிட்டர் கொள்ளும். ஆக, இருநூற்றெண்பது குடங்களுக்கு மேல்! கூடத்து விளக்கை ஓர் இரவு முழுவதும் அணைக்க மறந்தால் இருநூற்றெண்பது குடம் நீர் வடிகட்டாமல் சக்கரத்தில் புகுந்து வெளிவருகிறது. இல்லத்தார் இரண்டு மாதங்களில் வடிகட்டும் நீர் அவ்வளவு இராது.

நம் இல்லத்துக்கு வரும் மின்சாரம் பாபநாசத்தினது மட்டுமன்று. நிலக்கரி, அணு, காற்று, வெயில் அனைத்தும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. எந்த யூனிட் எந்த நீரால் பிறந்தது என்று பிரித்தறிய எவராலும் இயலாது. இதனையே சிலர் சமாதானமாகக் கொள்வர். 'நான் சக்கரத்தைச் சுழற்றவில்லை, எவரோ சுழற்றுகிறார், எங்கோ சுழல்கிறது.' ஆனால் நம் முன்னோர் இவ்வாயிலை முன்னரே அடைத்துவிட்டனர். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்பது ஆகமத்தின் துணிபு. கிருதம், காரிதம், அனுமோதனம் என்று இளமையில் ஒப்பித்த சொற்கள்தாம். சுவரில் உள்ள சுவிட்சைப் போல் காரிதத்தை விளக்கும் பொருள் வேறொன்று உண்டோ? விரலசைவு இங்கே, செயல் அங்கே.

நீர்மின்சாரத்தை ஆதரிப்போர் கூறும் வலுவான கூற்று ஒன்று உண்டு. அது எதையும் எரிப்பதில்லை, புகை கிளப்புவதில்லை, வாங்கிய நீரை ஒரு துளியும் குறையாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. களவு என்பது பிறர் பொருளைக் கொண்டு திருப்பாமை எனில், இங்கே களவே இல்லை. முதலில் எனக்கும் இது சரியாகவே பட்டது.

ஐயம் எழுப்பியவர் எங்கள் தெருவில் வசிக்கும் வேளாளர் ஒருவர். திருச்செந்தூர் ஆவுடையார்குளத்துப் பாசனத்தில் அவருக்குச் சிறிது நஞ்சை உண்டு. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்; பதினொரு கால்வாய்கள்; எண்பத்தாறாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். எட்டாவதும் கடைசியுமான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து புறப்படும் தென்கால், கடம்பாகுளம் முதலிய குளங்களை நிரப்பிக்கொண்டே வந்து, எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஓய்கிறது. கடைமடை என்ற சொல்லுக்கு இலக்கணம் வேண்டுவோர் அங்கே வந்து பார்க்கலாம். அவரிடம் என் ஐயத்தைச் சொன்னபோது, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "தண்ணிய யாரும் குடிச்சிரலன்னு சொல்லுதாவ சார். சரி, குடிக்கல. நமக்கு வேணுங்கிற அன்னைக்கு வரணும்லா? கதிர் வாடுனப்புறம் பத்து நா கழிச்சு வந்தா, அத வச்சி நான் என்ன செய்ய?"

நீருக்கு அளவு உண்டு, இடம் உண்டு, காலமும் உண்டு. மூன்றாவதை என் கணக்கு விட்டுவிட்டது. அணை என்பது நீரைத் தேக்குவதாகச் சொல்கிறோம். உண்மையில் அது தேக்குவது காலத்தை. மழை பெய்த நாளின் நீரை வேறொரு நாளுக்கு நகர்த்துகிறது. அந்த வேறு நாள் எது என்பதில்தான் வழக்கெல்லாம். கார் சாகுபடிக்கும் பிசான சாகுபடிக்கும் வயல் கேட்கும் நாள் ஒன்று; ஊர்களெல்லாம் விளக்கேற்றும் மாலைக்கு இயந்திரம் கேட்கும் நேரம் மற்றொன்று. நல்லூழாக இந்த ஆற்றில் பாசனத்துக்கே முதலுரிமை என்பது நெடுங்கால வழக்கம். கடைமடையின் வறட்சியை மின்நிலையத்தின் தலையில் ஏற்றுவதும் நேர்மையன்று. குளங்கள் தூர்ந்து கிடக்கின்றன. மேல்மடையில் மிகுதியாக எடுக்கின்றனர். ஆலைகளும் நகரங்களும் ஆண்டுதோறும் கூடுதலாகக் கேட்கின்றன. அணை இல்லாவிடில் கார் சாகுபடியே ஐயத்துக்குரியதாகும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும், 'திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆகவே எடுக்கவில்லை' என்ற கூற்று அன்றோடு எனக்கு வலுவிழந்துவிட்டது. ஜீவானியை வேறு கிணற்றில் விடலாகாது என்று நம் பாட்டிமார் ஏன் அத்தனை பிடிவாதம் காட்டினர் என்பதும் விளங்கிற்று. எடுத்த பொருளைக் கொடுத்தால் போதாது. எடுத்த இடத்தில், அந்த உயிருக்கு உதவும் நிலையில் கொடுக்க வேண்டும்.

கொடுக்கவே இயலாதவையும் உண்டு. பிரேசிலுக்கும் பராகுவேக்கும் இடையே பரானா ஆற்றில் இட்டைப்பு என்னும் பேரணை கட்டியபோது, குவைரா அருவித்தொடர் 1982இல் நீர்த்தேக்கத்துள் மூழ்கிற்று. நீரின் அளவால் உலகின் மிகப் பெரிய அருவிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது அது. ஆறு இன்றும் ஓடுகிறது, நீரும் குறையவில்லை, அருவி மட்டும் இல்லை. சீனத்தில் யாங்சி ஆற்றின் மூன்று பள்ளத்தாக்கு அணைக்காகப் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடிபெயர்க்கப்பட்டனர். நீரைத் திருப்பிக் கொடுக்கலாம். மூழ்கிய ஊரை எந்தக் கால்வாயில் திருப்பிவிடுவது?

இப்பேரணைகளைப் பற்றி எழுதுவோர் முதலில் சொல்வது அவற்றின் திறன். இட்டைப்பு 14,000 மெகாவாட். மூன்று பள்ளத்தாக்கு 22,500 மெகாவாட். நம் பாபநாசம் 32. எண்களைக் கேட்டவுடன் மனம் பணிந்துவிடுகிறது. ஆனால் திறன் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு தர இயலும் என்பதன் அளவே அன்றி, எவ்வளவு தந்தது என்பதன் அளவன்று. இட்டைப்பு 2016இல் ஏறத்தாழ 10,300 கோடி யூனிட் தந்தது. அதனினும் ஒன்றரை மடங்குக்கு மேல் திறனுள்ள மூன்று பள்ளத்தாக்கு நிலையம் தன் மிகச் சிறந்த ஆண்டுகளுள் ஒன்றான 2020இல் தந்தது ஏறத்தாழ 11,180 கோடி. திறனில் அத்தனை ஏற்றம். தந்ததில் பத்தில் ஒரு பங்கும் மிகுதியில்லை. ஆற்றில் வரும் நீரைத்தான் சக்கரம் சுழற்ற இயலும். சக்கரத்தைப் பெருக்கினால் ஆறு பெருகுமா?

பாபநாசத்தையே எடுத்துக்கொள்வோம். 32 மெகாவாட் முழுவதும் ஓராண்டு ஓயாமல் ஓடினால் இருபத்தெட்டுக் கோடி யூனிட் கிடைக்கும். காகிதத்தில். காரையாறு அணை நிரம்பித் ததும்பும் நாளில், இனி மழையே இல்லை என்று கொண்டு, நான் மேலே சொன்ன கணக்கின்படி இயந்திரங்களை முழுத் திறனில் ஓட்டினால், அந்நீர் ஏறத்தாழ நாற்பத்தேழு நாள்களில் தீரும். எஞ்சிய நாள்கள் மழையின் கையில்.

பின் எதற்காக இத்தனை திறன்? அன்றாடச் சராசரிக்காக அன்று, உச்ச நேரத்துக்காக. எல்லா வீடுகளிலும் எல்லாம் ஒருசேர ஓடும் ஒரு மணி நேரம் உண்டு. அதனைத் தாங்கும் அளவுக்கு நிலையங்கள் இருந்தாக வேண்டும். மற்ற நேரங்களில் அவை காத்துக் கிடக்கும். ஆனைமலையில் 1980களின் இறுதியில் வந்த காடம்பாறை நிலையம் இதற்கு நல்ல சான்று. 400 மெகாவாட். அங்கே தேவை குறைந்த நேரத்தில் மின்சாரத்தைச் செலவழித்து நீரை மேலேற்றுகின்றனர். தேவை மிகுந்த நேரத்தில் அதனைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கின்றனர். எடுப்பது செலவழித்ததைவிடக் குறைவே. மின் உற்பத்தி நிலையம் என்று பெயர். வரவு செலவு எழுதினால் அது ஒரு நுகர்வோன். பொறியியலில் இது குற்றமன்று, அறிவுடைமையே. ஆனால் ஒரு மலையையும் இரண்டு நீர்த்தேக்கங்களையும் இவ்வேலையில் ஈடுபடுத்தியது எது என்று பார்த்தால், நாமெல்லாரும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று கேட்பதே.

அந்த நேரங்களுள் தலையாயது கதிரவன் மறைந்த பின் வருவது. வெயிலில் பிறக்கும் மின்சாரம் நாட்டில் பெருகியுள்ள இக்காலத்திலும், அது அடங்கியபின் வரும் மாலையே மின்வாரியத்தார்க்குக் கடினமான வேளை. இங்கே நம்மவர்க்கு ஒரு சிறு பெருமிதம் எழலாம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்போர் அன்றோ நாம்! இரவில் அடுப்பு மூட்டாத இல்லம் உச்ச நேரத்தின் சுமையைக் குறைக்கிறது என்று நான் ஒருமுறை உறவினர் திருமணத்தில் பெருமையாகப் பேசினேன். எதிரிலிருந்த மருமகப்பிள்ளை ஒருவர், மின்சாரத் துறையில் பணிபுரிபவர், பணிவாகக் கேட்டார்: "உண்டு முடித்தபின் என்ன செய்வீர்கள், மாமா?" என்ன செய்வோம்? இரண்டு மின்விசிறிகள், தொலைக்காட்சி, நான்கு விளக்குகள். வெளிச்சம் இருந்தால் பூச்சி விழுவது தெரியும், ஆகவே இரவில் உண்ணலாம் என்று வாதிடும் இளைஞர்களை நாம் கடிந்துகொள்கிறோம். அவ்விளக்கு பூச்சிகளைத் தன்பால் ஈர்த்துக் கொல்வதைப் பற்றி, உணவை முன்னரே முடித்துவிட்ட நாமும் கவலைப்படுவதில்லை.

இல்லறத்தார்க்கு ஆகமம் இயலாததை விதிக்கவில்லை. வேண்டுமென்றே கொல்லும் சங்கற்ப ஹிம்சையை அறவே விடச் சொல்கிறது. சமைத்தல், கூட்டுதல், நீர் மொள்ளல் ஆகியவற்றில் நேரும் ஆரம்பி ஹிம்சையும், தொழிலில் நேரும் உத்யோகி ஹிம்சையும், தற்காப்பில் நேரும் விரோதி ஹிம்சையும் இல்லறத்தானால் முற்றும் விடற்கரியவை என்று ஏற்றுக்கொள்கிறது. விளக்கேற்றுவது இவ்வகையில் ஆரம்பியே. மின்நிலையத்தில் பணிபுரிவது உத்யோகி. நம் சமூகத்தில் பொறியாளராகப் பணியாற்றுவோர் பலர். அவர்கள் மனம் நோக வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆகமம் குணவிரதங்களுள் அனர்த்த தண்டம் என்பதை விலக்கச் சொல்கிறது. பயனின்றிச் செய்யும் தீங்கு என்பது பொருள். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதன் ஒரு வகையை விளக்குமிடத்தில், காரணமின்றி நிலத்தை அகழ்தல், நீரை அலைத்தல், தீ மூட்டல், காற்றை எழுப்பல், செடிகொடிகளை வெட்டல் ஆகியவற்றை எண்ணுகிறார். அப்பட்டியலைப் படித்தபோது நான் திகைத்துப்போனேன். நிலம் அகழ்ந்த நிலக்கரி, அணையின் நீர், கொதிகலனின் தீ, காற்றாலையின் காற்று: இன்றைய மின்சாரத்தின் மூலப்பொருள்கள் அனைத்தும் அங்கே இருக்கின்றன! அவற்றைத் தொடவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. வீணே தொடாதே என்கிறார். ஆக, ஆரம்பி என்னும் அடைக்கலம் பயனுள்ள விளக்குக்கே உரியது. ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு அந்த அடைக்கலத்தை இழந்துவிடுகிறது. அப்போது அது என்ன பெயர் பெறும்? சொல்லத் தயங்குகிறேன், தயக்கத்தோடாவது சொல்லியாக வேண்டும். அது அறிந்தே செய்யும் தீங்குக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

பொதுவாகப் பேசித் தப்பிக்க வேண்டாம். மஹாவீர் ஜெயந்திக்கு நம் ஜிநாலயங்களில் தொங்கும் சரவிளக்குகளை எண்ணிப் பார்க்கிறேன். கோபுரம் முழுவதும் வண்ணவிளக்கு. வாயிலில் பெருவெளிச்சம் வீசும் விளக்குகள். காலையில் அவற்றின் கீழே ஈசலும் விட்டிலும் குவியலாக. ஒருமுறை நான் அக்குவியலைக் கூட்டி எடுத்திருக்கிறேன். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட பெருமானின் பிறந்தநாள் அது. விழாவைக் குறை சொல்வதாக எவரும் எண்ணற்க. விளக்கை யார் ஏற்றினார் என்று கேட்டால் அந்த ஆண்டு விழாக்குழுவில் நானும் இருந்தேன்.

'நீர்மின்சாரத்தில் இத்தனை குற்றம் காண்பவர் எந்த மின்சாரத்தைத்தான் ஏற்பார்?' என்று கேட்கலாம். திருச்செந்தூரில் இருந்துகொண்டு இதற்கு விடை தேடுவது எளிது, எல்லாம் கண்முன்னே. வடக்கே தூத்துக்குடி அனல்மின் நிலையம், 1,050 மெகாவாட், 1979 முதல் நிலக்கரியை எரித்துவருகிறது. தெற்கே உடன்குடியில் 1,320 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட அனல்நிலையம் கடற்கரையை ஒட்டி எழுந்தது. அதற்கும் தெற்கே கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் அணுஉலைகள். முதலாவது 2013இல் மின்சாரம் தரத் தொடங்கிற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள். இவற்றுள் தீங்கில்லாதது எதுவுமில்லை. சாம்பலையும் புகையையும் கக்கும் அனல்நிலையத்தோடு ஒப்பிட்டால், ஏற்கெனவே கட்டப்பட்டு நிற்கும் பாபநாச நிலையத்தின் தீங்கு மிகச் சிறிது என்பதே என் கருத்து. புதிதாக ஒரு பள்ளத்தாக்கை மூழ்கடித்துக் கட்டுவது வேறு. அதற்கு நான் எளிதில் உடன்படேன். எது சிறந்தது என்ற வழக்கு முடிவற்றது. எவ்வளவு போதும் என்பதைத்தான் எந்த நிலையமும் நமக்காகத் தீர்மானிக்க இயலாது. பொருள் வரைதல் என்று நம் தமிழ் நூலார் சொன்னது வீட்டுக்கும் நிலத்துக்கும் பொன்னுக்கும் மட்டுமா? நம்முள் எத்தனையோ பேர் நெல்லுக்கும் நகைக்கும் வரையறை எழுதி வைத்துள்ளனர். மின்சாரத்துக்கு வரையறை எழுதியவரை நான் கண்டதில்லை.

சீவலப்பேரியை அடுத்த மறுகால்தலையில் ஒரு பாறைக் குகைத்தளம் இருக்கிறது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ள அது நம் முனிவர்களின் உறைவிடமாக இருந்தது எனக் கருதப்படுகிறது. அங்கே தங்கியோர்க்கும் அண்மையில் ஓடிய ஆறு இதே தாமிரபரணிதான். அவர்கள் அதனிடம் பெற்றது ஒரு கமண்டலம் கொள்ளுமளவு. அவர்கள் முற்றத் துறந்தோர், அவர்களோடு நம்மை ஒப்பிடலாகாது என்பதை அறிவேன். ஆனாலும் அவ்வழியே செல்லும்போது கமண்டலத்தின் திறன் என்ன என்று ஒரு வேடிக்கையான கேள்வி மனத்தில் எழுந்தது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களை எங்கள் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. மலையில் பெய்ததைவிடக் கடற்கரைச் சமவெளியில் பெய்ததே பெரிதாகையால், எந்த அணையும் அதனைத் தாங்கியிருக்க இயலாது. குளங்கள் உடைந்தன, திருச்செந்தூர் தீவாயிற்று. எங்கள் தெருவில் மூன்று இரவுகள் மின்சாரம் இல்லை. உயிரையும் உடைமையையும் இழந்தோரின் துயருக்கு முன் அது ஒரு பொருட்டன்று. எனினும் அந்த மூன்று இரவுகளில் எங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது எது என்று கவனிக்க நேர்ந்தது. முதியோர் எழுந்து செல்ல ஒரு சிறு விளக்கு. கைப்பேசிக்குச் சிறிது மின்சாரம். குடிநீர் ஏற்றப் பம்பு. அடுத்த வீட்டில் மூச்சுத்திணறலுக்குக் கருவி வைத்திருந்த பெரியவருக்கு மட்டும் மின்சாரமே உயிராக இருந்தது. அவருக்காகப் பேட்டரி தேடி இளைஞர்கள் முழங்கால் நீரில் அலைந்தனர். அந்தக் கருவிக்குச் செல்லும் மின்சாரத்தையும் என் வீட்டு ஆளில்லாத அறையின் மின்சாரத்தையும் ஒரே அளவியில் யூனிட் என்று எழுதுகிறார்கள்.

வெள்ளம் வடிந்தபின் பேரனும் நானும் சேர்ந்து ஒரு வரையறை வைத்தோம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் அப்போது கட்டணமின்றி வழங்கப்பட்டது. அதற்குள் நிற்பது என்று முடிவு. அவன் கணக்கிட்டுச் சொன்னான்: நூறு யூனிட் என்றால் நான்கு இலட்சத்து முப்பதாயிரம் லிட்டர். துணைவியார் கேட்டுவிட்டு, "அது மட்டும் குறைவா?" என்றார். முதல் கணக்கெடுப்பில் 180 வந்தது. அடுத்ததில் 150. குளிர்சாதனப் பெட்டிதான் இடர். நேற்றைய உணவை இன்று உண்ணலாகாது என்னும் வழக்கமுள்ள இல்லத்தில் அப்பெட்டி எதற்கு என்று ஒருநாள் அதனை அணைத்துவைத்தோம். மகளுக்கு அன்று மருந்து ஊசி வைக்க வேண்டியிருந்தது. மறுபடி இயக்கினோம்.

சென்ற முறை 134. பேரன் அளவியின் முன் நின்று எண்ணை உரக்கப் படித்தான். கொல்லையில் துணைவியார் வடிகட்டிய துணியைத் திருப்பிப் பிடித்து வாழையடியில் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு என்று திரும்பாமலே கேட்டார். சொன்னோம். "இன்னும் முப்பத்துநாலு" என்றார்.